தியாமத்துக்கு ஒரு படுகளம்

எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு வாலிபால் கோர்ட் உண்டு. கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு என் கையால் வளர்த்த கோர்ட். அதன் நடுவில் இருபது அடி நீளத்துக்கு ஒரு மண் பொம்பளை படுத்ததற்குக் காரணமானவர் ஜோசுவா சார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. அதனால் இதில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் தனசேகரன். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார். ஜோசுவா அங்கே சமூக அறிவியல் எடுக்கிறார். ஓரிக்கைக்காரர். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர் இவர்தான். ஆள் கொத்தவரங்காய் மாதிரி இருப்பார், குரல் மட்டும் மைக் செட். பந்தைத் தூக்கிப் போட்டால் பிடிக்கத் தெரியாது. முகத்தில் வாங்கிக்கொண்டு, "ஸாரி சார்" என்று பந்திடம் மன்னிப்புக் கேட்கிற ரகம்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. மெசபடோமியா. புத்தகத்தில் அது ஒன்பதாம் வகுப்பில் சில பக்கங்கள் வரும். இவர் ஏழாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுவார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எச்.எம்.மிடம் கெஞ்சிக் கூத்தாடி கதை பீரியடாக வாங்கி வைத்திருந்தார். அந்த முக்கால் மணி நேரத்தில் பாபிலோன் சாமிகள் எல்லாம் எங்கள் பள்ளியில் இறங்கிவிடும்.

"உலகத்துல இத்தனை ஊர் இருக்க, இது ஏன் சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்ன வயசுலேர்ந்து ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல பாபிலோனையும் நினிவேயையும் திட்டுறதையே கேட்டு வளந்தவன் சார் நான். அப்படி என்னதான் பண்ணிட்டாங்க அவங்கன்னு ஒரு சந்தேகம். புருஷன் பொண்டாட்டி சண்டையில ஒருத்தர் சொல்றத மட்டும் கேட்டுக்கினு தீர்ப்பு சொல்ல முடியுமா? அவங்க என்ன சொன்னாங்கன்னு பாக்கலாம்னு போனேன். அப்படியே மாட்டிக்கினேன்."

மற்ற ஊர்களில் இந்தப் பாடம் எப்படிப் போகுமோ தெரியாது. காஞ்சிபுரத்துப் பிள்ளைகளிடம் அது பட்ட பாடு தனி. "அங்க ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சாமி" என்று இவர் கண்ணை விரித்துச் சொன்னால், "இதுல என்ன சார் இருக்குது? நமக்குத் தெருவுக்குத் தெரு இருக்குது" என்பார்கள். "பாபிலோன் ஊரு மர்துக் சாமிக்கு ஐம்பது பெயர்" என்றால், "அவ்ளோதானா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். சாமி சிலையைக் குளிப்பாட்டி, துணி கட்டி, வேளாவேளைக்குச் சாப்பாடு வைப்பார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே "நைவேத்தியம்" என்று கத்தும். புது வருஷத்துக்கு மர்துக் ஊர்வலம் போவார், அக்கம்பக்கத்து ஊர்ச் சாமிகள் படகேறி அதற்கு வந்து சேரும் என்றபோது யுவன் என்கிற பையன் எழுந்தான்.

"சார், வெளிய வர்றது உற்சவர்தான? அப்போ மூலவர் உள்ளயே இருப்பாரா, இல்ல ஒரே ஆளுதானா?"

ஜோசுவா சார் திகைத்துப்போனார். ஒரு வாரம் தேடிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை, "தெரியலடா" என்று ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது என்லில் கதை. என்லில் என்பவர் காற்றுக்குச் சாமி, எல்லாருக்கும் மேலதிகாரி. கீழே மனிதர்கள் போடுகிற சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. "பொறுத்துப் பார்த்தாரு. பெரிய வெள்ளத்தை அனுப்பி மொத்தப் பேரையும் முடிச்சுடலாம்னு முடிவு பண்ணாரு" என்று இவர் சொன்னதும் வகுப்பு மொத்தமும் எச்.எம். அறைப் பக்கம் திரும்பியதாம். அன்றிலிருந்து எங்கள் எச்.எம். துர்காதேவி மேடத்துக்குப் பிள்ளைகளிடையே பெயர் என்லில். எனக்கும் அது மிகவும் பொருத்தமாகப் பட்டது. நானும் புழங்க ஆரம்பித்தேன்.

வினை வீடுகளில் ஆரம்பித்தது. உமாபதி என்று ஒருவர். நெல் பயிர், ஒரு டிராக்டர், திரௌபதி அம்மன் திருவிழாவில் முன்னே நிற்கிற ஆள். அவர் மகள் துளசி ஏழாம் வகுப்பு. ஒருநாள் காலையில் உமாபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எச்.எம். அறைக்குள் நுழைந்தார். ஏதோ கையெழுத்துக்காக நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"வூட்ல வெளக்கு ஏத்தசொல்ல பக்கத்துல நின்னுக்கினு, இஷ்டாருக்கும் சிங்கம்தான் வாகனம்னு சொல்லுது மா என் பொண்ணு. யாரு மா அது இஷ்டாரு? வாத்தியாரு பேரே ஜோசுவா. புதுசா ஏதோ மதத்தக் கொண்டாந்து புள்ளைங்க தலையில கட்டுறாரா?"

இஷ்டார் பாபிலோன்காரர்களின் பெண் சாமி, வெள்ளிக்கிழமைக் கதையில் வந்தவள். எனக்குச் சுருக்கென்றது. இதே பாடத்தைத் தனசேகரன் என்ற பெயரில் ஒருவன் எடுத்திருந்தால் இந்த ஆள் துண்டை உதறிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருப்பாரா? வரமாட்டார்.

அதே வாரம் பிரேம்நாத் வந்தார். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். ஜோசுவா போகிற சர்ச்சுக்குச் செயலாளர். அவர் மகள் திரிஷாவும் அதே வகுப்பு. "பாபிலோன் விக்கிரகத்தையெல்லாம் நம்ம ஜோசுவா பெருமையா சொல்லிக்கினு இருக்காரு மேடம். சபையில எல்லாம் ஒரு மாதிரி பேசுறாங்க" என்றார். ஒரு பக்கம் மதம் மாற்றுகிறார் என்று பேச்சு, இன்னொரு பக்கம் மதத்தை விட்டே போய்விட்டார் என்று பேச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

துர்காதேவி மேடம் கெட்டவர் இல்லை. புகார் என்றால் பயம், அவ்வளவுதான். ஜோசுவாவைக் கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோரைக் கூப்பிடுவோம். நீங்க என்ன சொல்லித் தர்றீங்களோ அதைப் பிள்ளைங்களை விட்டே காட்டுங்க. முடிச்சதும் நான் கேட்பேன். பாடம்னு அவங்க ஒத்துக்கிட்டா சரி. பூஜை, மதம்னு ஒருத்தர் சொன்னாலும் அந்த பீரியட் கணக்குக்குப் போயிடும். ஏழாம் வகுப்பை வேற ஒருத்தர் பார்த்துக்குவாங்க. நீங்க எமிஸ் வேலையைப் பாருங்க."

எமிஸ் என்பது மொத்தப் பள்ளியின் விவரத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அதில் உட்கார்ந்தவர் பிள்ளைகளை நம்பராகத்தான் பார்ப்பார்.

சைக்கிள் ஸ்டாண்டில் ஜோசுவா சார் என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் செத்திருந்தது. "பீரியட் போனாக்கூடப் பரவாயில்ல சார். இத்தனை வருஷம் இதே பசங்க கூட இருந்தேன். நான் அவங்க சாமியப் பறிக்க வந்தவன்னு ஒரு பேரோட எப்படி சார் இந்த கேட்டுக்குள்ள வர்றது?" என்றார். "நாடகம் போட என் கோர்ட் வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் தேர்ந்தெடுத்தது தியாமத் கதை. உலகம் உண்டாவதற்கு முன்னால் தண்ணீர் மட்டும்தான். நல்ல தண்ணீர் அப்சு, உப்புத் தண்ணீர் தியாமத். புருஷன் பெண்டாட்டி. அவர்கள் வயிற்றில் பிறந்த சாமிகள் ஆட்டம் போட, எரிச்சலான அப்சு அவர்களைக் கொல்லப் பார்க்க, அவர்கள் முந்திக்கொண்டு அப்சுவைக் கொன்றுவிடுகிறார்கள். தியாமத் பொங்கி எழுகிறாள். எல்லாரும் பயந்து ஓட, இளவட்டமான மர்துக், "நான் போறேன், ஜெயிச்சா நான்தான் ராஜா" என்று கிளம்பி, அவளைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளக்கிற மாதிரி இரண்டாகப் பிளக்கிறான். ஒரு பாதி வானம், மறு பாதி பூமி. அவள் கண்ணிலிருந்துதான் அந்த ஊரின் இரண்டு ஆறும் ஓடுகின்றன.

"தியாமத்தை மண்ணுல பெருசா செய்யுங்கடா. படுத்த மாதிரி. கடைசியில பிளக்கணும்" என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை இவர் பெரிய காஞ்சிபுரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டார். மனுஷன் செய்த தப்பு அதுதான். ஐயம்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் போய், மண்ணில் பெரிதாகப் படுத்த உருவம் என்று சொல்லலாமா? அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவின் கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைப்பார்களே, அந்தப் படுகளம். வருஷா வருஷம் வாயைப் பிளந்து பார்த்தது. கையும் காலும் எவ்வளவு நீளம், கண்ணை எப்படி உருட்டி வைப்பது என்று எல்லாம் அத்துப்படி.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் என் கோர்ட்டில் ஒரு மகராசி படுத்திருந்தாள். முகமெல்லாம் மஞ்சள், நெற்றியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குங்குமப் பொட்டு, உருட்டி வைத்த கண், உடம்பில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காமல் தறிக்காரர் ஒதுக்கிய அரக்குப் பட்டு. ஏரி மண் கொண்டுவந்தது யாருடைய டிராக்டர் என்று கேட்டேன். உமாபதியுடையதுதான். மகள் கேட்டாளாம். வாத்தியார் மேல் புகார், மகளுக்கு டிராக்டர்.

ஜோசுவா சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "டேய், நான் காட்டுன படத்துல பாம்பு மாதிரிதானடா இருந்துச்சு?"

"பாம்பும் இருக்குது சார்" என்று யுவன் அவள் காலடியைக் காட்டினான். முழ நீளத்துக்கு ஒரு மண்புழு கிடந்தது.

மாற்றிச் செய்ய நேரம் இல்லை. சாயங்காலம் பெற்றோர் வந்து சேர்ந்தார்கள். அம்மாக்கள்தான் அதிகம். உமாபதி முதல் வரிசையில் உட்கார்ந்து செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், சாட்சிக்கு. பிரேம்நாத் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஜோசுவா சார் முன்னே வந்தார்.

"இது பாடம்ங்க. பூஜை கிடையாது. ரொம்பப் பழைய காலத்து ஜனங்க எப்படி யோசிச்சாங்கன்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்கறதுக்காக. யாரையும் கும்பிடச் சொல்லல." குரல் முதல் தடவையாக மைக் தேவைப்படுகிற அளவுக்கு இறங்கியிருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. இளைய சாமிகள் தகர டப்பாவைத் தட்டிக் கும்மாளம் போட்டன. அப்சு செத்தார். செத்தவர் நமட்டுச் சிரிப்பு சிரித்ததால் அவர் அம்மாவிடமிருந்து ஒரு அதட்டல் வந்தது. தியாமத் பெற்றுவிட்ட பதினொரு பூதங்கள் ஆடிக்கொண்டு வந்தன. அதில் திரிஷா தேள் வேஷம், வால் மட்டும் கழன்று கழன்று விழுந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். பரவாயில்லை, தப்பித்தார் என்று நான் நினைத்தேன்.

அப்போது மர்துக்காக யுவன் வந்தான். கையில் வில், தோளில் ஏரியில் மீன் பிடிக்கிற வலை. மண் உருவத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த துளசி, தியாமத்தின் குரலில் பேசினாள்.

"என் புருஷன் உங்களுக்கு இன்னா பண்ணான்? கொஞ்சம் தூங்கணும்னுதான கேட்டான்? அவனையும் கொன்னுட்டீங்க. இப்ப என்னையும் கொல்ல வந்துக்கினு இருக்கியா? நீ யாருடா? என் வயித்துல வந்த வம்சம்டா நீ!"

இது ஜோசுவா எழுதிக் கொடுத்ததில் இல்லை. பெண் தானாகச் சேர்த்துவிட்டாள். கூட்டத்தில் சிரிப்பு நின்றது. ஒரு அம்மா, "நியாயம்தான? புருஷன கொன்னா எவ சும்மா இருப்பா?" என்றார். இன்னொருவர் மூக்கை உறிஞ்சினார். யுவன் அம்பை நாணில் வைத்ததும் அவனைப் பெற்றவளே எழுந்துவிட்டாள்.

"யுவா! கீழ வைடா அத! பெத்தவ மேலயே வுடுவியா நீ?"

பையன் வெலவெலத்துப்போய் ஜோசுவாவைப் பார்த்தான். அவர் கண்ணால் சைகை காட்ட, கண்ணை மூடிக்கொண்டு விட்டான். அம்பு மண்ணின் மார்பில் போய் நின்றது. உள்ளே புதைத்து வைத்திருந்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் கொப்பளித்தது.

அவ்வளவுதான். எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற பொன்னியம்மாள் அக்கா, "அடி என் தாயே!" என்று ஒரு ஒப்பாரி எடுத்தார் பாருங்கள், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளிக்கிழமை அடுப்புக்குக் காட்டுகிற கற்பூரத்தை ஓடிப்போய் எடுத்து வந்து அந்தக் காலடியில் ஏற்றினார். யாரோ வேப்பிலை ஒடித்தார்கள். எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். "அம்மாங்களே, இது பாடம்! பாடம்!" என்று ஜோசுவா கையை ஆட்டி ஆட்டிக் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

பிறகு, படுகளம் முடிந்தால் வழக்கமாக என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்தார்கள். நெல்லில் போட்டு வைத்தால் விளைச்சல் குறையாது என்று நம்பிக்கை. முந்தானையில், டிபன் பாக்ஸில், கைக்குட்டையில் என்று தியாமத் பிய்ந்து போய்க்கொண்டிருந்தாள். மர்துக் செய்ய வேண்டியதை ஐயம்பேட்டை அம்மாக்கள் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

துர்காதேவி மேடம் எழுந்து நின்றார். முகத்தில் வெள்ளம் அனுப்பப் போகிற களை.

"ஜோசுவா சார், பூஜை இல்லைன்னு சொன்னீங்களே?"

மேடம் கூட்டத்தைப் பார்த்து, "யாருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்" என்றார்.

உமாபதி எழுந்தார். பிரேம்நாத்தும் அதே நேரத்தில் ஓர் அடி முன்னே வந்தார்.

"எனக்கு இருக்குது மா" என்றார் உமாபதி. அவர் செல்போன் பையில் இருந்தது. துண்டில் ஒரு முடிச்சு, அதில் மண். காலில் செருப்பு இல்லை. "அம்மாவக் கொன்னுட்டு அந்தப் பையன் பாட்டுக்கு ராஜாவாயிட்டேன்னு போறான். இதோட கத முடிஞ்சுதுன்னா எப்படி? ரேணுகா அம்மாவ வெட்டுனான் புள்ள. அப்பறம் யாரக் கும்பிடறோம்? அம்மாவத்தான? அந்த மாதிரி மீதிக் கத இருக்கும் இல்ல? வாத்தியாரு அதச் சொல்லாம நிறுத்திட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழம அதச் சொல்லச் சொல்லுங்க. நானும் வரேன்."

மேடம் பிரேம்நாத் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

அவர் தொண்டையைக் கனைத்தார். "திரிஷாவுக்கு டயலாக்கே இல்ல மேடம். வீட்ல ஒரு வாரமா தேள் மாதிரியே நடந்துக்கினு இருந்துது. ஒரு வரியாவது குடுத்திருக்கலாம்."

நான் சிரித்தே விட்டேன். மேடம் என்னை முறைத்தார். ஜோசுவா சார் மட்டும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் அவர் "ஆமாங்க, மீதிக் கதை இருக்கு" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். அந்த மனுஷனுக்கு வராது.

"மீதி இல்லீங்க" என்றார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவங்க அந்தம்மாவுக்குக் கோயில் கட்டல. மர்துக்கைத்தான் கும்பிட்டாங்க. நாமா ஒண்ண சேர்த்துக்கினா அது அவங்க கதை ஆவாது. பிள்ளைங்களுக்கு அதை மாத்திச் சொல்ல என்னால முடியாதுங்க."

பொன்னியம்மாள் அக்காதான் வாயைத் திறந்தார்.

"அதான்பா அந்த ஊரு மண்ணாப் போச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உமாபதி சிரித்தார், பிரேம்நாத் சிரித்தார், எங்கள் என்லில்கூடப் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "பீரியட் இருக்கட்டும் சார்" என்று மேடம் போகிற போக்கில் சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

எல்லாரும் கலைந்த பிறகு என் கோர்ட்டில் ஒரு ஈரப் பள்ளம் மட்டும் இருந்தது. ஜோசுவா சார் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "எத்தனையோ தடவை சொன்ன கதை சார். ஒரு தடவைகூட அந்தம்மாவுக்காக நான் வருத்தப்பட்டதில்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

பொன்னியம்மாள் அக்கா சமையல் கூடத்திலிருந்து ஒரு வாழையிலைத் துண்டோடு வந்தார். அதில் ஒரு பிடி மண், மேலே மஞ்சளும் குங்குமமும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஆளுக்கு ஆளு அள்ளிக்கினு போயிட்டாங்க, உங்களுக்குன்னு யாரும் வெக்கல. அதான் மொகத்துப் பக்கமா கொஞ்சம் எடுத்து வெச்சேன் சார். உங்க வூட்லயும் அரிசி கொறையாம இருக்கட்டும். உங்க சாமி கோச்சுக்குமா?"

"கோச்சுக்காதுக்கா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் வழக்கமாக ஷேர் ஆட்டோவில் போகிறவர். அந்த இலையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் நெருக்கியடித்து எப்படிப் போவார்? என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் இலையை மடியில் வைத்துக் காற்றுப் படாமல் பொத்திக்கொண்டே வந்தார். ஓரிக்கை நெருங்கும்போது நான் மெதுவாகக் கேட்டேன், "வீட்ல சங்கடமா இருக்கும்னா பாலாத்துல விட்டுடலாமா சார்? யாருக்கும் தெரியாது."

"வேணாம் சார். என்னை நம்பிக் குடுத்தது."

வேறு சாமியைக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகள் தலையில் கட்டுகிறான் என்று ஊர் பேசியது இந்த ஆளைத்தான். அவர் கையில் அதே ஊர் தன் சாமியில் ஒரு பங்கைக் கொடுத்து அனுப்பியிருந்தது. வண்டி ஓட்டும்போதே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர் மனைவி கதவைத் திறந்து, இலையைப் பார்த்து, "என்னங்க இது?" என்றார்.

"நம்ம ஸ்கூல் அம்மாங்க குடுத்தாங்க. அரிசி டின்ல வைக்கணுமாம்."

அந்தம்மா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பேப்பரை எடுத்து வந்து மண்ணைப் பொட்டலமாக மடித்து, டின்னைத் திறந்து அரிசிக்கு மேலே வைத்து மூடினார். அப்புறம் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.